ஹெப்சிகிட்ட ஷோ கேட்டேன்

உக்காருங்கம்மா. நின்னாலும் சர்வர் வரப்போறதில்ல, உக்காந்தாலும் வரப்போறதில்ல. உக்காந்தா காலாவது வலிக்காது. உங்க பேப்பரைப் பார்த்துட்டேன். உங்க அம்மா பென்ஷன் புத்தகத்துல அலமேலுங்கறது அலமேவுன்னு இருக்கு. ஒரே ஒரு எழுத்து. அதை மாத்த நாலு பட்டன் அழுத்தணும். அந்த நாலும் இப்ப வேலை செய்யாது. உங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லன்னு மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது.

அப்படியா? எத்தனை மணிக்குப் பஸ்ஸு? சரி, அதுக்குள்ள வந்துடும்.

அதுவா? சீட்டுக்கட்டுதான். ஃபைலுக்கு அடியில வச்சிருந்தேன், வெளிய நீட்டிக்கிட்டிருக்கு. அப்படிப் பார்க்காதீங்க. நான் காசு வச்சு ஆடறவ இல்ல. இருபத்தோரு வருஷமா ஆடறேன், ஒரு பைசா வச்சது கிடையாது. எல்லாம் புளியங்கொட்டை.

இந்த அரக்கோணம் ஆபீசுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி மெட்ராஸ் ஆபீஸ். காலைல ஏழு பத்து ட்ரெயின், லேடீஸ் கம்பார்ட்மெண்ட். அதுல பூக் கட்டுறவங்க இருப்பாங்க, கீரை ஆய்றவங்க இருப்பாங்க, ஜெபம் பண்றவங்க இருப்பாங்க. நாங்க நாலு பேரு சீட்டு ஆடுவோம். நான், ஹெப்சிபா, பேங்குல இருக்கற சாருலதா, அப்புறம் திருவள்ளூர்ல ஏறுற நூர்ஜஹான். மடில ஒரு டவலை விரிச்சு, நாலு பேரும் நாலு மூலையைப் பிடிச்சுக்குவோம். மூணு சீட்டு. தெரியுமா உங்களுக்கு? தெரியாதா? சுலபம்தான்.

ஆளுக்கு மூணு சீட்டு போடுவாங்க. ஒரு கொட்டை வச்சா ஆட்டத்துல இருக்கலாம். சீட்டைப் பார்த்துட்டும் ஆடலாம், பார்க்காமயும் ஆடலாம். பார்க்காம ஆடுறது பிளைண்டு. நல்ல சீட்டுன்னா ஏத்தணும், ரெண்டு, நாலு, எட்டுன்னு. மோசம்னா கவுத்துட்டு வெளிய வந்துடணும். கடைசியா ரெண்டு பேர் நிப்பாங்க. அதுல ஒருத்தர் ஷோ கேக்கணும். ‘காட்டு’ன்னு அர்த்தம். காட்டினா யாருது பெருசுன்னு தெரிஞ்சிடும். மூணும் ஒரே மாதிரி வந்தா, மூணு ராஜா, மூணு ராணி, அதுதான் பெருசு. அவ்வளவுதான் ஆட்டம்.

ஆனா அது இல்ல ஆட்டம். சீட்டு எல்லாருக்கும்தான் வரும். எப்ப ஏத்துறது, எப்ப கவுத்துறது, எப்ப ஷோ கேக்கறது, அதுல இருக்கு. அது சீட்டைப் பார்த்தா தெரியாது. எதிர்ல இருக்கறவ மூஞ்சியைப் பார்த்தாத்தான் தெரியும். அது எனக்கு வரும். எப்படி வந்துச்சுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. சில பேருக்குப் பாட்டு வருது இல்லையா, அது மாதிரி. சாருலதாவுக்கு நல்ல சீட்டு வந்தா கால் கட்டைவிரல் ஆடும். நூர்ஜஹானுக்கு வந்தா ‘அல்லா’ம்பா, வராட்டியும் ‘அல்லா’ம்பா, ஆனா வராதப்ப கொஞ்சம் இழுத்துச் சொல்லுவா. ஒரு வாரத்துக்கு யார்கிட்ட கொட்டை அதிகமோ அவளுக்கு அடுத்த வாரம் ஜன்னல் சீட்டு. இருபத்தோரு வருஷத்துல முக்கால்வாசி நாள் ஜன்னல்ல உக்காந்தது நான்தான்.

ஹெப்சிபாவைப் பத்திச் சொல்றேன். என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. ஒரே ஆபீஸ், பக்கத்து செக்‌ஷன். ‘அக்கா அக்கா’ம்பா. ட்ரெயின்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்துதான் ரெண்டு பேரும் சூப்பரிண்டெண்ட் ஆனோம். அவளுக்கு நல்ல சீட்டு வந்தா வாயைத் திறக்க மாட்டா. வெளிய பார்ப்பா. கையில ஒண்ணுமே இல்லன்னா பேச்சு பேச்சா வரும். பேசிக்கிட்டே பையிலேருந்து டப்பாவை எடுப்பா. வேர்க்கடலை உருண்டை. ‘எடுத்துக்கோங்கக்கா, நேத்து பிடிச்சது, நெய் போட்டிருக்கேன்’ம்பா. அவ டப்பாவைத் திறந்தா நான் ஏத்திடுவேன். அவ கவுத்துடுவா. நான் கொட்டையையும் எடுத்துக்குவேன், உருண்டையையும் எடுத்துக்குவேன். இந்த விஷயத்தை நான் முதல் வருஷமே கண்டுபிடிச்சேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. அவகிட்டயும்தான்.

போன வருஷம் மே மாசம் இந்த இடம் காலியாச்சு. இதோ, நான் உக்காந்திருக்கனே, இதே நாற்காலி. சொந்த ஊரு. வீட்டுலேருந்து நடந்து வரலாம். மெட்ராஸ் ஆபீஸ்ல அரக்கோணத்துக்காரங்க ரெண்டு பேர்தான், நானும் அவளும். சீனியாரிட்டில எனக்கும் அவளுக்கும் பதினோரு நாள் வித்தியாசம். நான் முன்னாடி. டிரான்ஸ்பர் கவுன்சிலிங்ல என்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. நான் வேண்டாம்னாத்தான் அவளுக்கு.

எனக்கு முட்டி வலி. அதைச் சொல்லிடறேன். சென்ட்ரல்ல படி ஏறி இறங்க முடியல. என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன், ‘கேக்கட்டுமா இடத்தை?’ன்னு. அவர் லோகோ ஷெட்ல ரிட்டயர் ஆனவரு. ‘உன் இஷ்டம்’னாரு. அவர் எதுக்கும் அதான் சொல்லுவாரு.

ஒரு திங்கக்கிழமை. சாருலதா லீவு. நூர்ஜஹான் இன்னும் ஏறல. திருவாலங்காடு தாண்டி இருக்கும். ஹெப்சி சொல்றா, “அக்கா, இந்தத் தடவை அரக்கோணத்தை எனக்கு விட்டுக்கொடுங்க.”

“ஏன்?”

“அவருக்கு உடம்பு சரியில்ல.”

அவர்னா அவ வீட்டுக்காரர், ஞானராஜ். ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா இருந்தவரு. அவங்க வீடு கட்டிக் குடிபோனப்ப ஒரு தடவை பார்த்திருக்கேன். ஆறடி. பந்தில உக்காந்தவங்களை எல்லாம் நேரா உக்காரச் சொன்னாரு.

“என்ன உடம்பு?”ன்னேன்.

“மறதிக்கா.”

“எனக்கும்தான் மறதி. நேத்து பாலை அடுப்புல வச்சுட்டு மாடிக்குப் போயிட்டேன்.”

“அப்படி இல்லக்கா. வெளிய போனா வீட்டுக்கு வரத் தெரியல. போன மாசம் சோளிங்கர் பஸ்ல ஏறி உக்காந்திருக்காரு. கண்டக்டர் போன் பண்ணாரு. பகல்ல ஒரு தடவையாவது நான் வந்து பார்த்துட்டுப் போற மாதிரி இருந்தா…”

சொல்லிக்கிட்டே போறா. நிறுத்தல. ஸ்கூல்ல எப்படி இருந்தாரு, இப்ப எப்படி இருக்காரு, பையன் துபாய்லேருந்து வர முடியாது, அக்கம்பக்கம் எத்தனை நாள் பார்ப்பாங்க. சொல்லிக்கிட்டே பையில கையை விடுறா. டப்பா வெளிய வருது. திறக்கறா. “இந்தாங்கக்கா, எடுத்துக்கோங்க.”

நீங்களே சொல்லுங்க. என் இடத்துல நீங்க இருந்தா என்ன நினைப்பீங்க? நெஜமாவே வீட்டுக்காரருக்கு இப்படின்னா, தினமும் மூணு மணி நேரம் பக்கத்துல உக்காந்திருக்கேன், ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருப்பாளா? கவுன்சிலிங்குக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப சொல்றா. டப்பா வேற திறந்துட்டா.

நான் ஷோ கேட்டேன்.

“டாக்டர் சீட்டு இருக்கா? காட்டு”ன்னேன்.

அவ டப்பாவை மூடினா. மூடி பையில வச்சா. ஜிப்பை இழுத்தா. ஜன்னலுக்கு வெளிய பார்த்தா. அப்புறம் வில்லிவாக்கம் வரைக்கும் பேசல. வில்லிவாக்கத்துல எந்திரிச்சு அடுத்த பெட்டிக்குப் போயிட்டா.

பார்த்தீங்களா, கவுத்துட்டான்னு நினைச்சேன்.

ஜூன் மாசம் கவுன்சிலிங் அன்னைக்கு ஒரு பெரிய ஹால். பேரைக் கூப்பிட்டாங்க, ‘கோமளவல்லி’ன்னு. போனேன். ஸ்க்ரீன்ல ஊரு ஊரா காட்டினாங்க. அரக்கோணம்னேன். கையெழுத்து போட்டேன். திரும்பினா அவ ரெண்டாவது வரிசைல உக்காந்திருக்கா. அடுத்தது அவ பேரு. அவ நேரா மேஜைக்குப் போயி, ‘நான் இருக்கற இடத்துலயே இருக்கேன் சார்’னா. அவ்வளவுதான். என்னைப் பார்க்கவே இல்ல.

அன்னைக்கோட பேச்சு நின்னுபோச்சு. இருபத்தோரு வருஷப் பழக்கம். எனக்குச் சேர வேண்டிய இடத்தை நான் எடுத்தேன், அதுக்கு இவ்வளவு கோவமா? நான் ரெண்டு தடவை போன் பண்ணேன். எடுக்கல. கிறிஸ்துமஸுக்குக்கூட கேக் வரல. நூர்ஜஹான்தான் போன்ல சொல்லுவா, இப்ப மூணு பேர்தான் ஆடறாங்களாம், ஜன்னல்ல யாரும் உக்காரறது இல்லையாம். எனக்கு அது புரியல. காலியா இருந்தா உக்கார வேண்டியதுதானே.

இங்க வந்தேன். நல்ல இடம். காத்து வரும். ஆனா ஒரு சீட்டு ஆட ஆள் கிடையாது. அந்தப் பக்கம் உக்காந்திருக்காரே அவர், நல்ல மனுஷன், ‘ஆடுவீங்களா?’ன்னு கேட்டதுக்கு, ‘மேடம், ஆன்லைன்லயா?’ன்னாரு. விட்டுட்டேன்.

இருங்க, சர்வர் சுத்துது. இல்ல. சும்மா சுத்துது.

அக்டோபர் மாசம். காலைல பதினொண்ணரை இருக்கும். நீங்க நிக்கறீங்களே, மன்னிச்சுக்கோங்க, உக்காந்திருக்கீங்களே, அங்க ஒரு பத்துப் பேரு நின்னுக்கிட்டிருந்தாங்க. திடீர்னு ஒரு சத்தம். “வரிசைல நில்லு! ஒரு கை இடைவெளி!” நிமிர்ந்து பார்த்தா, ஒரு ஆளு. வெள்ளைச் சட்டை, டக்-இன் பண்ணி, பெல்ட் போட்டு. ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல வீட்டுச் செருப்பு. எல்லாரையும் தோளைப் பிடிச்சு நேரா நிறுத்தறாரு. சனங்களும் நிக்கறாங்க. யாரோ பெரிய ஆபீசர்னு நினைச்சுட்டாங்க. இந்த ஆபீஸ்ல அன்னைக்குத்தான் ஒழுங்கா ஒரு வரிசை நின்னுச்சு.

நிறுத்திட்டு அவரும் கடைசில போய் நின்னாரு. பொறுமையா நின்னு, முறை வந்ததும் என் முன்னாடி வந்தாரு.

“சொல்லுங்க சார்”ன்னேன்.

“வீட்டுக்குப் போகணும்”னாரு.

“போங்களேன்.”

“அதுக்குத்தான் வந்தேன். எந்த கவுண்டர்?”

அப்பதான் ஆளைத் தெரிஞ்சுது. ஞானராஜ் சார்.

நான் பர்மிஷன் எழுதிக் கொடுத்துட்டு அவரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவங்க வீடு இங்கேருந்து மூணாவது தெருதான். தெருமுனைலேயே ஒரு பொண்ணு ஓடி வருது, கழுத்துல இஞ்ச் டேப்போட. எதிர்வீட்டுல தைக்கற புஷ்பா. பதினோரு மணிக்கு டீ கொடுத்திருக்கா, ஒரு மணிக்குச் சோறு போடுவாளாம். டீ கொடுத்துட்டு வெளித் தாழ்ப்பாளைப் போட மறந்துட்டா. அழுவுறா. “ஹெப்சி அக்காகிட்ட சொல்லிடாதீங்க மேடம்”ங்கறா. நான் எங்க சொல்றது, என்கிட்ட அவ பேசினாத்தானே.

உள்ள போனேன். வீடு பூரா பேப்பர் ஒட்டியிருக்கு. பாத்ரூம் கதவுல ‘குளியலறை’. அலமாரில ‘சட்டை’. ஃபேன் சுவிட்சுக்கு மேல ‘காற்று’. வாசக் கதவுக்கு உள்பக்கம் பெருசா, ‘ஹெப்சி ஆறே முக்காலுக்கு வந்துடுவா. வெளிய போக வேண்டாம்.’ அவ கையெழுத்துதான். எத்தனை ஃபைல்ல பார்த்திருக்கேன். டீவிக்குப் பக்கத்துல ஆஸ்பத்திரி ஃபைல் ஒண்ணு, இந்த உசரத்துக்கு. நான் படிக்கல. மேல இருந்த சீட்டுல தேதியை மட்டும் பார்த்தேன். கவுன்சிலிங்குக்கு ரெண்டு வருஷம் முன்னாடி.

நீங்க என்ன நினைக்கறீங்கன்னு தெரியுது. நான் தப்பா கணிச்சுட்டேன்னு. இல்லம்மா. அங்கதான் நீங்க தப்பு பண்றீங்க. கையில ஒண்ணும் இல்லாதப்பதான் அவ டப்பாவைத் திறப்பா. அன்னைக்கும் அவ கையில ஒண்ணும் இல்ல. அதை நான் சரியாத்தான் பார்த்தேன்.

சரி, விடுங்க.

மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு நான் அங்க போனேன். எதுக்குன்னு கேட்டா, புஷ்பாவுக்கு தீபாவளித் தையல் குவிஞ்சு கிடக்கு, பாவம். எனக்கோ ஒரு மணி நேரம் சாப்பாட்டு நேரம். கையில சீட்டுக்கட்டு இருந்துச்சு. வேற காரணம் ஒண்ணும் இல்ல. அவருக்குச் சோறு போட்டேன், சாப்பிட்டாரு. “சார், ஒரு ஆட்டம் போடலாமா?”ன்னேன். “விளையாட்டுன்னா விதிமுறை வேணும் டீச்சர்”னாரு. நான் அவர் ஸ்கூல்ல ஏதோ டீச்சர்னு நினைச்சுக்கிட்டாரு. நான் திருத்தல. விதிமுறையைச் சொன்னேன். அன்னையிலேருந்து தினமும் சொல்றேன்.

எப்படி ஆடுவாருன்னு நினைக்கறீங்க? சீட்டைத் தொடவே மாட்டாரு. எல்லாமே பிளைண்டு. முதல் சுத்துலயே இருக்கற கொட்டை அத்தனையையும் நடுவுல தள்ளிடுவாரு. தள்ளிட்டு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துக்குவாரு. மூஞ்சியைப் பார்த்தா ஒண்ணுமே தெரியாது. நான் எவ்வளவோ பேரைப் பார்த்திருக்கேன்மா, இப்படி ஒரு மூஞ்சியைப் பார்த்ததில்ல. பயம் கிடையாது, ஆசை கிடையாது. நான் ஜெயிச்சா ‘சபாஷ் டீச்சர்’னு கை தட்டுவாரு. அவர் ஜெயிச்சாலும் எனக்குத்தான் கை தட்டுவாரு. முதல் மாசம் முழுக்க நான்தான் நிறைய கவுத்தேன். எனக்கு அது பழக்கமே இல்ல.

ஹெப்சிக்குத் தெரியாமலா இருக்கும்? ரெண்டாவது நாளே புஷ்பா எல்லாத்தையும் சொல்லிட்டா. தாழ்ப்பாள் விஷயத்தையும் அவளே அழுதுகிட்டே சொல்லிட்டாளாம். மூணாவது நாள் போனா, சமையல் மேடையில ரெண்டு தட்டு மூடி வச்சிருக்கு. ஒரு தட்டு மேல ‘மதியச் சாப்பாடு - ஞானராஜ்’னு பேப்பர். இன்னொண்ணு மேல ஒண்ணும் இல்ல. சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம். அப்பளம் நமுத்துடக்கூடாதுன்னு தனி டப்பால. வீட்டுல உள்ள ஜன்னல், கதவு, உப்பு, சர்க்கரை எல்லாத்துக்கும் பேரு எழுதறவளுக்கு என் தட்டுல என் பேரை எழுத மனசு வரல. அது எனக்கு ரொம்ப நாள் கஷ்டமா இருந்துச்சு. ஆனா சாப்பிட்டேன். அவ கத்திரிக்காய் நல்லா வைப்பா.

நானும் சாப்பிட்டுட்டுத் தட்டைக் கழுவி வச்சுட்டு வருவேன். அவளும் மறுநாள் வச்சுட்டுப் போவா. ஒரு போன் கிடையாது. ஒரு ‘தேங்க்ஸ்’ கிடையாது. நானும் எதிர்பார்க்கல. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

இந்த மே மாசம், ஒரு வியாழக்கிழமை. கடம்பத்தூர்கிட்ட கரண்டு கம்பி அறுந்து ட்ரெயின் எல்லாம் நின்னுபோச்சு. ஹெப்சி மணிக்கணக்கா காத்திருந்துட்டு, பாதி வழில இறங்கி, பஸ் பிடிச்சுத் திரும்பி வந்துட்டா. எனக்குத் தெரியாது. நாங்க சாப்பிட்டு முடிச்சு ஆடிக்கிட்டிருக்கோம். கதவு திறக்குது. அவ நிக்கறா, தோள்ல பை, வேர்த்து வடியுது.

சார் எந்திரிச்சாரு. மரியாதை தெரிஞ்ச மனுஷன். “வாங்கம்மா. யாரைப் பார்க்கணும்?”னாரு.

நான் சீட்டைக் கலைச்சுக்கிட்டிருந்தேன். குனிஞ்ச தலை நிமிரல.

ஹெப்சி குரல் கேட்டுது. “டீச்சரைப் பார்க்க வந்தேங்க.”

“உக்காருங்க. எந்த ஊரு?”

“அரக்கோணம்தாங்க.”

“நல்ல ஊரு. தண்ணிதான் கஷ்டம்”னாரு.

அவ வந்து உக்காந்தா. பையைக் கூட கழட்டல. கையில சீட்டு இருந்துச்சு, மூணு பேருக்கும் போட்டேன். ஆளுக்குக் கொஞ்சம் கொட்டையைப் பிரிச்சுத் தள்ளினேன். சார் வழக்கம்போல எல்லாத்தையும் நடுவுல தள்ளிட்டாரு. ஹெப்சி சீட்டைத் தொடல. வாழ்க்கைல அவ பிளைண்டு ஆடி நான் பார்த்ததில்ல. ரெண்டு வச்சா. நாலு வச்சா. இருந்த அத்தனையும் வச்சா. வாயைத் திறக்கல.

நான் என் சீட்டைப் பார்த்தேன். மூணு ராணி.

அவ மூஞ்சியைப் பார்த்தேன். அப்பதான் நிமிர்ந்து பார்த்தேன். ஒண்ணும் தெரியல.

கவுத்துடலாமான்னு நினைச்சேன்மா. பொய் சொல்லல. வேற யாரா இருந்தாலும் கவுத்திருப்பாங்க. சும்மா புளியங்கொட்டை, அவ எடுத்துக்கட்டுமேன்னு. ஆனா நான் பரிதாபப்பட்டுக் கவுத்தா அவளுக்குத் தெரிஞ்சுடும். நான் மட்டும்தான் அவ மூஞ்சியைப் பார்த்தேனா? அவளும்தானே இருபத்தோரு வருஷம் என் மூஞ்சியைப் பார்த்திருக்கா. பரிதாபப்பட வேண்டிய நேரத்துல டாக்டர் சீட்டு கேட்டவ, இப்ப மூணு ராணியை வச்சுக்கிட்டுக் கவுத்தா, அதைவிட அசிங்கம் வேற இருக்கா?

இருந்த கொட்டையை எல்லாம் வச்சேன். இனிமே ஏத்த மூணு பேர்கிட்டயும் ஒண்ணும் இல்ல. “ஷோ”ன்னேன்.

சார் சீட்டைத் திருப்பினேன், ஒன்பது, அஞ்சு, மூணு. ஹெப்சி அவளோடதைத் திருப்பினா. ஏழு, நாலு, ரெண்டு. ஒண்ணுமே இல்ல. நான் என்னோடதைக் காட்டினேன். ரெண்டு கையாலயும் கொட்டையை வாரி என் பக்கம் இழுத்துக்கிட்டேன். “சபாஷ் டீச்சர்!”னு சார் கை தட்டினாரு.

ஹெப்சி என்னைப் பார்த்தா. “நீங்க எப்பவுமே இப்படித்தான்க்கா”ன்னா.

பதினோரு மாசம் கழிச்சு முதல் வார்த்தை. நல்லா இருந்துச்சு.

நான் ஆபீசுக்குக் கிளம்பினேன். கேட் வரைக்கும் வந்தா. நான் பையிலேருந்து ஒரு ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தேன். நம்ம டிபார்ட்மெண்ட்ல ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரு இடத்தை மாத்திக்கலாம், ரெண்டு பேரும் கையெழுத்து போட்டா. அதுக்குப் பேரு மனமொத்த மாறுதல். நாங்க பேசிக்கறதே இல்ல, ஃபாரத்துக்கு இப்படி ஒரு பேரு.

அவ படிச்சா. என் கையெழுத்து ஏற்கனவே இருக்கு. கீழ தேதியைப் பார்த்துட்டு, “அக்டோபர்ல போட்டிருக்கீங்க?”ன்னா.

“ஆமா. அவர் ஆபீசுக்கு வந்த மறுநாள்.”

“ஏழு மாசம் ஆச்சேக்கா. ஏன் கொடுக்கல?”

“நீ பேசலையே.”

“நான் பேசலன்னா? தட்டுக்கு அடியில வச்சுட்டு வர வேண்டியதுதானே?”

அது எனக்குத் தோணல. நெஜமாத் தோணல. கொடுத்தா வேண்டாம்னு கிழிச்சுடுவாளோன்னு தினமும் பையில வச்சுக்கிட்டே போயிட்டு வந்தேன். எங்க ஆட்டத்துல இதுக்குப் பேரே கிடையாது. ஏத்தவும் இல்ல, கவுத்தவும் இல்ல, சும்மா கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அவ சுவத்துல வச்சு கையெழுத்து போட்டா. போட்டுட்டு ஃபாரத்தைக் கொடுக்காம கையிலயே வச்சுக்கிட்டு நிக்கறா. “நான் இங்க வந்துட்டா மத்தியானம் யாருக்கா வருவா?”

“என்ன கேள்வி இது? நீதான் வருவ.”

“என்னை அவருக்குத் தெரியலையே. காலைல ஒரு நேரம் தெரியுது, மத்தியானம் தெரியல. உங்களைத் தெரியுதே.”

ஃபாரத்தை மட்டும் வாங்கிக்கிட்டு வந்தேன். மேல அனுப்பினேன். ஆர்டர் வந்துருச்சு. முப்பதாம் தேதி நான் இங்க ரிலீவ் ஆகறேன். ஒண்ணாம் தேதி காலைல ஏழு பத்து ட்ரெயின். முட்டிக்கு ஒரு பட்டை வாங்கி வச்சிருக்கேன். என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், ‘உன் இஷ்டம்’னாரு.

முந்தாநாள் ஞாயித்துக்கிழமை. நான் ஞாயித்துக்கிழமை அங்க போறது இல்ல. அன்னைக்குப் போனேன். மத்தியானம் ஒரு மணிக்கு. ஹெப்சியை முன்னாடியே வெளிய நிக்கச் சொல்லியிருந்தேன், அவ வீட்டு வாசல்லயே. நல்ல புடவை கட்டிக்கிட்டு, பை எடுத்துக்கிட்டு நிக்கறா. பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தா. நான் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போனேன்.

“சார், எனக்கு டிரான்ஸ்பர் ஆயிடுச்சு. இவங்க ஹெப்சி. புது டீச்சர். இனிமே மத்தியானம் இவங்கதான் வருவாங்க”ன்னேன்.

அவர் எந்திரிச்சு நின்னு கை கொடுத்தாரு. “ஞானராஜ், பி.டி.”ன்னாரு. அவ கொடுத்தா. கையை விடாம அவளையே பார்த்தாரு, ரொம்ப நேரம். நான் அவர் மூஞ்சியைப் பார்த்தேன், வழக்கம்போல ஒண்ணும் பிடிபடல.

“சாப்பிட்டீங்களா டீச்சர்?”னு கேட்டாரு.

“இல்லீங்க”ன்னா.

“நானும் இல்ல. வாங்க”ன்னாரு. சமையல் ரூமுக்கு நடந்தாரு, அவ பின்னாடியே போனா. உள்ள தட்டு எடுத்து வைக்கற சத்தம் கேட்டுது. நான் கொஞ்ச நேரம் நின்னேன். யாரும் கூப்பிடல. செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

ம், பாருங்க. நல்ல வேளை, வந்துருச்சு சர்வர். உங்க பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. அம்மா பேரு அலமேலு, ‘லு’. வேற எதாவது மாத்தணுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு தடவை அழுத்திட்டா அப்புறம் என்னால திருப்ப முடியாது.